தூங்கறது ஆரு, அம்மிணி?

மணி பதினொண்ணு ஆகப்போகுது. நீ அந்த லேப்டாப்பை மொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறே, அது உன்னைய மொறைச்சுக்கிட்டு இருக்குது. ஆரு மொதல்ல கண்ணு சிமிட்டறதுன்னு ரெண்டு பேரும் பந்தயங்கட்டியிருக்கீங்களா?

என்னது, ஆசிலேட்டர் கெளம்ப மாட்டீங்குதா? கோடு நேராப் போகுதா? நேராப் போறதுக்கு எதுக்கு அம்மிணி வெசனப்படறே? உங்க மாமனை நேராப் போடான்னு முப்பது வருசமாச் சொல்லிப் பாத்துட்டேன், இன்னும் முடியல.

தள்ளி உக்காரு, பாக்கலாம். அப்பிச்சிக்கு என்ன தெரியும்னு ஓரக்கண்ணுல பாக்காத. எட்டாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சது வாஸ்தவம்தான். அதுக்கப்புறம் ரேடியோ ரிப்பேரு, மோட்டார் வைண்டிங்கு, பொறகு ஒரு கம்பெனியில டெஸ்டிங் பெஞ்சுல இருவத்திரெண்டு வருசம். சர்க்யூட்டைக் கம்ப்யூட்டருக்குள்ளயே ஓட்டிப் பாக்கற இந்த எல்.டி.ஸ்பைஸை, போன லீவுல நீதானே என்ற கம்ப்யூட்டர்லயும் போட்டுக் குடுத்துட்டுப் போனே? ஊர்ல மத்த கெழவனுக வேப்பமரத்தடியில சீட்டாடறப்ப நான் இதுல டிரான்சிஸ்டரை வெச்சு ஆடிக்கிட்டு இருக்கறேன். சீட்டுல காசு போகும். இதுல கண்ணு போகுது, அவ்வளவுதான்.

ம்... பியர்ஸ் ஆசிலேட்டரா. ஒரு இன்வெர்ட்டரு. குறுக்கால 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலு. ரெண்டு காலுக்கும் 100 பிகோஃபாரடு கண்டென்சரு. இன்வெர்ட்டர் தலைக்கு மேல ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரு. படம் நல்லா வரைஞ்சிருக்கறே, கோலம் போடற கையல்லோ.

எங்க தப்புன்னு தெரிஞ்சு போச்சு. சொல்ல மாட்டேன். மொதல்ல போயி ஒரு டம்ளர் காப்பி வெச்சுக் கொண்டா. சர்க்கரை ரெண்டு ஸ்பூனு. உங்கம்மாளுக்குக் கேக்காம டப்பாவைத் தொற.

காப்பி நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு ஸ்பூனுதான் போட்டிருக்கறே. நீயும் அந்த டாக்டருகூடச் சேந்துக்கிட்டயா? செரி, பாதிச் சர்க்கரைக்குப் பாதிச் சேதிதான்.

அந்த ரெசிஸ்டருக்கு மதிப்பு என்னன்னு எழுதியிருக்கறே? ஒண்ணு போட்டுப் பக்கத்துல 'எம்'. பெரிய எழுத்து எம்முங்கறயா? ஸ்பைஸுக்குப் பெரிய எம்மும் ஒண்ணுதான், சின்ன எம்மும் ஒண்ணுதான். எம்முன்னா மில்லி. நீ கேட்டது ஒரு மெகா ஓம், அது போட்டுக் குடுத்தது ஒரு மில்லி ஓம். நூறு கோடி மடங்கு கம்மி. ஒரு டன்னு சிமிண்டுக்கு ஆர்டரு குடுத்துட்டு ஒரு மில்லிகிராம் வாங்கிக்கிட்டு வந்திருக்கறே. இன்வெர்ட்டரோட வாயையும் வாலையும் கம்பி போட்டுக் கட்டின மாதிரி. அது பாவம் 5 வோல்ட்டுல பாதியில, ரெண்டரையில, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. எப்படி ஆடும்?

'எம்-இ-ஜி', மெக்குன்னு எழுதோணும். கண்டென்சர்லயும் இதே கதைதான். ஒரு ஃபாரடுன்னு நெனைச்சு ஒண்ணுக்குப் பக்கத்துல 'எஃப்' போட்டயின்னா அது ஃபெம்ட்டோன்னு எடுத்துக்கும். கெணறு கேட்டவனுக்குப் பனித்துளி.

இது அதோட தப்பில்ல, வயசோட தப்பு. 1973-ல கலிஃபோர்னியா பெர்க்லியில நேகல்னு ஒரு படிக்கற பையன், பீடர்சன்னு ஒரு வாத்தியாரு, இவங்க காலத்துல பொறந்த மென்பொருள் இது. அப்பெல்லாம் அட்டையில ஓட்டை போட்டுத்தான் கம்ப்யூட்டர்கிட்டப் பேசோணும். அதுல இருந்தது பூராப் பெரிய எழுத்துத்தான், அப்புறம் எங்க சின்ன எம்மைத் தேடறது? ஸ்பைஸுக்கு முன்னால இருந்த சரக்குக்குப் பேரு என்ன தெரியுமா? கேன்சரு! மெய்யாலுமே அம்மிணி. அந்தப் பேரை வெச்சுக்கிட்டுக் கடை போட்டா ஆரு வருவா? அடுத்ததுக்கு மசாலான்னு பேரு வெச்சாங்க, ஊரே வாங்கிப்போடுச்சு.

செரி, மெக்குன்னு மாத்திட்டயா? ஓட்டு.

இன்னும் நேராத்தான் போகுதா? சிரிக்கல அம்மிணி, பொறையேறிப்போச்சு.

கேளு. நம்ம மேட்டாங்காட்டுக் கெணத்துல ஒத்த ஃபேஸ் மோட்டார் ஒண்ணு இருந்துது, உனக்கு நெனப்பிருக்காது. கண்டென்சர் போயிருச்சுன்னா, சுவிட்சைப் போட்டா 'ம்ம்ம்'னு உறுமும், சுத்தாது. கரண்டு போகுது, காந்தம் இருக்குது, கொறை ஒண்ணுமில்ல. ஆனா வலப்பக்கம் இழுக்கறதும் எடப்பக்கம் இழுக்கறதும் சரிசமமாப் போச்சுன்னா அது எந்தப் பக்கம் போகும்? சாஃப்டைக் கையில ஒரு சுத்து விட்டா, எந்தப் பக்கம் விட்டயோ அந்தப் பக்கமே பிச்சுக்கிட்டு ஓடும். அப்படி விடப்போயித்தான் என்ற சுண்டுவெரலு பாதியா நிக்குது. நீ அந்தச் சோலிக்குப் போகாத.

உன்ற சர்க்யூட்டும் இப்ப அப்படித்தான் உறுமிக்கிட்டு நிக்குது. ஓட்டுன்னு சொன்னதும் ஸ்பைஸு ஒடனே கடியாரத்தை ஓட விடறதில்ல. மொதல்ல அது தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கும்: கண்டென்சரையெல்லாம் கழட்டி வீசியாச்சு, காயிலையெல்லாம் வெறுங்கம்பியாக்கியாச்சு, எதுவுமே அசையாட்டி இந்தச் சர்க்யூட்டு எங்க போயி உக்காரும்? அந்தக் கணக்கைப் போட்டு, அந்த எடத்துல உக்கார வெச்சுப்போட்டுத்தான் நேரத்தை ஓட விடும். நீ கேக்கறது ஆடற சர்க்யூட்டு. அது தேடிக் கண்டுபிடிச்சுத் தர்றது ஆடாத எடம். கூர் மொனையில முட்டையை நிக்க வெச்சுக் குடுத்துட்டு, 'பாத்துக்கோ, நிக்குதல்லோ' அப்படீங்குது.

நெசச் சர்க்யூட்டுல அந்த முட்டை நிக்காது. ரெசிஸ்டருக்குள்ள எலெக்ட்ரான் ஒரு நிமிசம் சும்மா இருக்காது. 1928-ல ஜான்சன்னு ஒரு மனுசன் அமெரிக்காவுல பெல் லேபுல இதை அளந்தே காட்டிப்போட்டாரு. 1 கிலோ ஓமுக்கு, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துல சுமாரா 4 நானோவோல்ட்டு இரைச்சல். அது போதும், முட்டை சாஞ்சுரும். நீ ஓட்டற இந்த ஓட்டத்துல அந்த இரைச்சலே கிடையாது. எலை அசையாத ஊரு. ஆரும் தும்மக்கூட மாட்டாங்க.

அப்ப நாமதான் தும்மோணும். ஓட்டற பெட்டியில 'ஸ்டார்ட்அப்'னு ஒரு கட்டம் இருக்குதல்லோ, அதுல டிக்கு அடி. சப்ளையைப் பூச்சியத்துல இருந்து 20 மைக்ரோசெகண்டுல ஏத்தி விடும், சுவிட்சு போட்ட மாதிரி. இன்னொண்ணு, மொதக் கணக்கையே போடாம நேரா ஓடச் சொல்றது, 'யு.ஐ.சி.'ன்னு வரும். அதை எல்லாத்துக்கும் போட்டு ஓட்டற பழக்கம் வெச்சுக்காத. கண்டென்சர் பூரா காலியா, காயிலு பூரா சும்மா கெடக்க, திடீர்னு முழு வோல்ட்டேஜை மூஞ்சியில அடிச்ச மாதிரி. சில சர்க்யூட்டு அதுல மெரண்டு உன்னைய வேற எங்கயோ இழுத்துக்கிட்டுப் போயிரும். மூணாவது 'டாட் ஐ.சி.' இந்த எடத்துல இத்தனை வோல்ட்டுல இருந்து ஆரம்பின்னு நீயே சொல்றது.

ஸ்டார்ட்அப் போட்டுப் பாத்தயா? லேசா ஒரு அசைவு அசைஞ்சுது, அப்புறம் பழைய குருடி கதவைத் தொறடி. எத்தனை நேரம் ஓட்டினே? 100 மைக்ரோசெகண்டா?

அம்மிணி, கிரிஸ்டலுன்னா என்னன்னு நெனைச்சே? உங்க ஊட்டுத் தூரியா, ஒரு உந்து உந்துனா ஆடறதுக்கு? ஆலமரத்துல கட்டின தூரி, அதுல ஆட்டுக்கல்லைத் தூக்கி வெச்சிருக்குது. நீ போட்டிருக்கற கிரிஸ்டலுக்குள்ள பாரு, 0.02 பிகோஃபாரடு, 12.7 மில்லி ஹென்றி, 20 ஓமு. ஆட்டம் ஏறவோ எறங்கவோ எத்தனை நேரமாகும்னு கேட்டா, காயிலை ரெண்டால பெருக்கி ரெசிஸ்டரால வகுத்துப் பாரு. 1.27 மில்லிசெகண்டு. 12,700 ஆட்டம். நீ ஓட்டினது ஆயிரம் ஆட்டந்தான். இலை போடறதுக்கு முன்னாலயே பந்தி முடிஞ்சு போச்சுன்னு எந்திரிச்சு வந்திருக்கறே.

கைக்கடியாரத்துல 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலு ஒண்ணு வரும், அது இதுக்கும் மேல. க்யூ மதிப்பு 50,000-ன்னு வெச்சுக்கோ, அரை செகண்டு ஆகும் ஒரு படி ஏற. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அம்பது புள்ளி வெச்சா ஒரு செகண்டுக்கு 16 லட்சம் புள்ளி. அதை ஓட்டி விட்டுட்டு நீ நோம்பிக்குப் போயிட்டு வரலாம்.

என்ன அவசரமாத் தட்டறே? ஓ, காயில்லயே கரண்டை வெச்சு ஆரம்பிக்கறயா? எல்1-ல 1 மில்லி ஆம்பியரு. கெட்டிக்காரி. ஆட்டுக்கல்லு தூரியைக் கையில புடிச்சு ஒசத்தி வெச்சு, அங்கிருந்து விடறது.

அட, வந்துருச்சே! பட்டை பட்டையா, அழகா, திரை பூரா ஆடுது. கையைத் தட்டாத, உங்கம்மா எந்திரிச்சுக்குவா. வாட்சப்புல படம் புடிச்சு ஆருக்கு அனுப்பறே? வாத்தியாருக்கா? இரு, இரு. அனுப்பாத. கொஞ்சம் பொறு. இதே ஓட்டத்தை 10 மில்லிசெகண்டுக்கு ஓட்டு. ஸ்டெப்பு 2 நானோசெகண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டி வை, இல்லாட்டி அது எட்டெட்டு வெச்சுத் தாண்டிப் போயிரும். அம்பது லட்சம் புள்ளி. ஓடட்டும். அதுக்குள்ள ஒரு நாயம் சொல்றேன்.

நான் இருந்த கம்பெனியில ஒரு டைமர் போர்டு போட்டாங்க. உள்ளார ரெண்டு டிரான்சிஸ்டர் அஸ்டேபிளு, நீ ஒன்பதாவதுல எல்.ஈ.டி. மினுக்கப் பண்ணினயே, அதேதான். பி.சி.547 ரெண்டு, கலெக்டருக்கு 1 கிலோ ஓமு, பேஸுக்கு 47 கிலோ ஓமு, 10 மைக்ரோஃபாரடு ரெண்டு, 5 வோல்ட்டு சப்ளை. ஒரு தடவை இவன் தூங்குவான், அவன் முழிச்சிருப்பான்; மறுதடவை அவன் தூங்குவான், இவன் முழிச்சிருப்பான். முக்கால் செகண்டுக்கும் கம்மியா ஒரு சுத்து. என்ற பெஞ்சுல அத்தனை போர்டும் ஓடுச்சு. சுவிட்சைப் போட்டா மினுக் மினுக்குன்னு.

வெளியூருக்குப் போன பீஸுல பத்துக்கு ஒண்ணு திரும்பி வருது. 'ஓடலை'ன்னு சீட்டு ஒட்டி. என்ற பெஞ்சுல வெச்சா ஓடுது. எனக்குத் தல சுத்திப்போச்சு. எஞ்சினியர் தம்பி ஒருத்தன், புதுசாப் படிச்சு வந்தவன், 'நான் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறேங்க'ன்னான். போட்டான். கோடு நேராப் போச்சு. ரெண்டு கலெக்டரும் பத்துல ஒரு வோல்ட்டுக்குள்ள படுத்துக்கெடக்குது. 'இது சாஃப்ட்வேர் கோளாறுங்க, ஒரு உதை குடுத்தா எந்திரிக்கும்'னு டாட் ஐ.சி. போட்டு ஒரு பேஸைப் பூச்சியத்துல புடிச்சு விட்டான். எந்திரிச்சு ஆடுச்சு. 'பாத்தீங்களா, சர்க்யூட்டு சரி'ன்னு சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

சீட்டு சரிதான். போர்டுதான் இன்னும் வந்துக்கிட்டே இருந்துது.

கணக்குப் போட்டுப் பாரு. ரெண்டு பேரும் முழு மூச்சா ஓட்டத்துல இருந்தா கலெக்டர்ல 4.9 மில்லி ஆம்பியரு போகும். பேஸுல 47 கிலோ ஓமு வழியா 0.09 மில்லி வரும். அம்பத்தி நாலு மடங்கு பெருக்கினா போதும், அந்த டிரான்சிஸ்டரு நூறுக்கு மேல பெருக்கும். ஆக, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வயிறு முட்டத் தின்னுட்டு, சாஞ்சு படுத்துக்கலாம். அப்படிப் படுத்துட்டா ஒருத்தன் ஒருத்தனை எழுப்பவும் முடியாது, ஏன்னா அந்த நெலமையில பெருக்கற சக்தியே ரெண்டு பேருக்கும் கிடையாது. இரைச்சலு தும்மினாலும் காதுல விழாது. பெஞ்சுல நான் சுவிட்சை டக்குன்னு போடறேன், ஒருத்தன் முந்திக்கறான். வெளியூர்ல கரண்டு எப்படி வருது? மெதுவா, ஏனோதானோன்னு, பெரிய ஃபில்டர் கண்டென்சரு நெம்பி நெம்பி வருது. ரெண்டு பேரும் ஒண்ணாவே சாப்பிட்டு ஒண்ணாவே படுத்துக்கறாங்க.

அந்த ஸ்பைஸு பொய் சொல்லல அம்மிணி. ஓடலைன்னு சீட்டு ஒட்டின அந்த ஊர்க்காரன் சொன்னதையேதான் அதுவும் சொல்லுச்சு. தம்பிதான் வாயை மூடுன்னு ஒரு உதை உட்டான்.

அப்புறம் நாங்க என்ன பண்ணினோம்? பேஸு ரெசிஸ்டரை நேரா சப்ளையில கட்டறதை விட்டுட்டு, ரெண்டு கலெக்டர்ல இருந்தும் ஒவ்வொரு டையோடு போட்டு, அது ரெண்டும் சேர்ற எடத்துல கட்டினோம். ரெண்டு பேரும் படுத்துட்டா ரெண்டு கலெக்டரும் தாழ்ந்துரும், பேஸுக்குச் சோறு நின்னு போகும். சோறு நின்னா எந்திரிச்சுத்தானே ஆகோணும்? மாமியார் யோசனை. அதுக்கப்புறம் உதை இல்லாமயே கம்ப்யூட்டர்லயும் எந்திரிச்சுது, வெளியூர்லயும் எந்திரிச்சுது.

இதுக்கு நேர் எதிர்க் கதையும் இருக்குது. ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜு குடுக்கற பேண்ட்கேப்புன்னு ஒண்ணு, ஐ.சி.க்குள்ள வரும். தன் கரண்டைத் தானே பாத்து நிறுத்தற சாதி. அதுக்கு ரெண்டு எடம் பொருந்தும்: ஒண்ணு நல்லா ஓடற எடம், இன்னொண்ணு கரண்டே போகாத எடம். குட்டையில படுத்த எருமையாட்டம், பூச்சியமும் அதுக்குச் சௌக்கியம்தான். அதனாலதான் எழுப்பி விடறதுக்குன்னே தனியா ஒரு சர்க்யூட்டு வெக்கறாங்க. ஆனா ஸ்பைஸு கணக்குப் போடறப்ப பல நேரம் நேராப் போயி நல்ல எடத்துலயே உக்காந்துக்கும். போதாக்கொறைக்கு ஒவ்வொரு ஜங்ஷனுக்கும் குறுக்கால ஜி-மின்னுன்னு லட்சங்கோடி ஓம் ரெசிஸ்டரு ஒண்ணை உனக்குத் தெரியாமயே வெச்சுக்கும், கணக்கு சுளுவா முடியறதுக்கு. அந்தச் சொட்டுக் கரண்டே சில சமயம் எருமையை எழுப்பிப்போடும். அங்க எழுப்பறவன் இருக்கறான். உன்ற சிலிக்கான்ல இருக்கறானா? அதுக்குத்தான், ஓடற சர்க்யூட்டா இருந்தாலும் சப்ளையைப் பூச்சியத்துல இருந்து ஒரு தடவை வேகமா, ஒரு தடவை ஆமையாட்டம் ஏத்திப் பாக்கோணுங்கறது.

ஓட்டம் முடிஞ்சுதா? முழுசா விரிச்சுக் காட்டு.

என்னாச்சு அம்மிணி, மூஞ்சி தொங்கிப் போச்சு? ஆரம்பத்துல அகலமா இருக்குது, போகப் போகக் கொறையுது, கடைசியில நூல் மாதிரி. ஊதுபத்தி கணக்கா. நீ பாத்து கை தட்டினது ஆட்டமில்ல. கோயில் மணியை நீயே அடிச்சுட்டு, மணி தானா அடிக்குதுன்னு நெனைச்சே. நல்ல மணிக்கு ஓசை சீக்கிரம் அடங்காது. 100 மைக்ரோசெகண்டுல நூத்துக்கு நாலு பங்குதான் கொறைஞ்சிருக்கும், கண்ணுக்கே தெரியாது. வாத்தியாருக்கு அந்தப் படம் போயிருந்தா என்ன சொல்லியிருப்பாரு? ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு, சபாஷுன்னுதான் சொல்லியிருப்பாரு. நீ போர்டு அடிச்சு, காசு குடுத்து, சாமான் ஏத்தி, அப்புறம் அழுதிருப்பே.

இப்பச் சொல்லு, தூங்கறது ஆரு? ஸ்பைஸா, உன்ற சர்க்யூட்டா?

அந்த ரெண்டு கண்டென்சரு. 100 பிகோஃபாரடு. எதுக்கு நூறு போட்டே? 'ரவுண்டா இருக்குது'ன்னா? ரவுண்டா இருக்கறது பணியாரத்துக்கு நல்லது. இன்வெர்ட்டரு கிரிஸ்டலுக்குக் குடுக்கற உந்து இருக்குதல்லோ, எதிர்மறை ரெசிஸ்டன்ஸுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருப்பாங்க, அது அந்த ரெண்டு கண்டென்சரையும் பெருக்கி வர்றதால வகுபடும். கண்டென்சரு பெருசாக, உந்து சிறுசாகும். உன்ற இன்வெர்ட்டரோட பெருக்கற சக்தி அரை மில்லி சீமன்ஸு, கிரிஸ்டலுக்குக் குறுக்கால இருக்கற அந்த 5 பிகோவையும் சேத்துப் போட்டா, உந்து சுமாரா 10 ஓமு. கிரிஸ்டலு தின்னறது 20 ஓமு. பத்து ரூவா வரும்படி, இருவது ரூவா செலவு. ஊடு எப்படி விளங்கும்?

ஆமா, மொதல்லயே பாத்துட்டேன். காப்பி குடிக்கறதுக்கு முன்னாலயே. சொல்லியிருந்தா நீ நூறை இருவத்திரெண்டா மாத்திட்டுத் தூங்கப் போயிருப்பே. எனக்கு ஆரு இந்த நேரத்துக்குப் பேச்சுத் துணை?

22 போடு. உதையை எடுத்துப்போடு. காயில்ல கரண்டு வேண்டாம். ஸ்டார்ட்அப்பு மட்டும் இருக்கட்டும், அது சுவிட்சு, உதையில்ல. 5 மில்லிசெகண்டு. இப்ப உந்து 120 ஓமு கிட்ட வரும். ஓடட்டும்.

அதுக்குள்ள, நேத்து வந்துதுன்னு சொன்னயே ஒரு எரரு, 'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்'னு. அதைப் பாத்ததும் செட்டிங்ஸுக்குள்ள பூந்து எல்லாத்தையும் திருகினயாமே. கெட்ட பழக்கம். அந்த வரியை முழுசாப் படிச்சயா? கடைசியில எந்த நோடுல சிக்கல்னு பேரோட எழுதியிருக்கும். போஸ்ட்மேன் அட்ரஸு எழுதிக் குடுத்ததுக்கப்புறமும் ஊரெல்லாம் கதவைத் தட்டினா எப்படி? அந்த நோடுக்குப் போயிப் பாரு. ரெண்டு பக்கமும் கண்டென்சரு மட்டுமே தொங்கிக்கிட்டு, கிரவுண்டுக்கு வழியே இல்லாம அந்தரத்துல இருக்கும். ஒரு கிகா ஓம் கட்டி விடு. இல்லாட்டி ரெசிஸ்டன்ஸே இல்லாத சுவிட்சு, அதுக்குப் பக்கத்துல கண்டென்சரே இல்லாத காயிலு. கடையில அப்படியொரு காயிலு விக்கறானா? விக்காத சாமானை வெச்சுக் கட்டினா கணக்கு மூக்கால அழத்தான் செய்யும். கியருன்னு ஒரு கணக்குமொறை இருக்குது, அதுக்கு மாத்தினா சில எரரு போயிரும்தான். ஆனா அது ஆட்டத்தை அமுக்கற மொறை. பவர் சப்ளைக்குச் செரி. ஆசிலேட்டரைப் போயி அதுல ஓட்டினயின்னா, நல்லா ஆடற புள்ளைக்கும் தூக்க மாத்திரை குடுத்த மாதிரி.

இந்தா, வருது பாரு. மொதல் ஒரு மில்லிசெகண்டுல ஒண்ணுமே காணோம், ரெண்டுலயும் காணோம்... பொறு, நகத்தைக் கடிக்காத. இதோ வாலு தடிக்குது. மூணரைகிட்ட பொங்கிருச்சு. பால் பொங்கறாப்புல, காணோம் காணோம்னு இருந்து ஒரேயடியா. 

இப்பக் கை தட்டலாம். மெதுவா.

படம் அனுப்பறயா? அனுப்பறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. கிரிஸ்டலோட வரிசையில 80 ஓமு ரெசிஸ்டரு ஒண்ணை வை. எதுக்கா? இன்னைக்கு உந்து பத்தலாம். நாளைக்கு வெயில்ல காயும், இன்வெர்ட்டரு சோம்பும், கடைக்காரன் வேற கிரிஸ்டலைத் தலையில கட்டுவான். கிரிஸ்டலு தின்னறதுக்கு அஞ்சு மடங்காவது உந்து இருக்கோணும்னு தொழில் தெரிஞ்சவங்க பெஞ்சுல பாக்கற கணக்கு. 20-க்கு அஞ்சு மடங்கு 100. கிரிஸ்டலுக்குள்ள 20 இருக்குது, வெளிய 80 சேத்தா நூறு. அந்தப் பாரத்தையும் தூக்கிக்கிட்டு, உதையில்லாமத் தானா எந்திரிச்சா அனுப்பு.

அது சீக்கிரம் எந்திரிக்காது. உந்துக்கும் தின்னறதுக்கும் நடுவால இருவது ஓமுதானே மிச்சம், பதினஞ்சு மில்லிசெகண்டுக்குப் பக்கமா ஆகும். 20-ன்னு போட்டு விடு. ஒரு கோடி புள்ளி. குறுக்கு வழி வேணும்னா காயிலைப் பத்துல ஒண்ணாக் கொறைச்சு, உள்ளார இருக்கற அந்தச் சின்னக் கண்டென்சரைப் பத்து மடங்காக்கு. ஹெர்ட்ஸு அதேதான், பத்துல ஒரு பங்கு நேரத்துல தெரிஞ்சு போகும். ஆனா இன்னைக்கு வேண்டாம், முழுசாவே ஓடட்டும். எனக்குத் தூக்கம் வராத வயசு.

நீ போயிப் படு. சார்ஜரைச் சொருகிட்டுப் போ, நடுவால செத்துப் போனா என்னையத்தான் சொல்லுவே. மூடியைச் சாத்த மாட்டேன், ஒண்ணையும் தொட மாட்டேன், சத்தியம். காலையில எந்திரிச்சு வந்து நீயே பாத்துக்கோ.

அம்மிணி, ஒரு நிமிசம். அந்தச் சர்க்கரை டப்பாவை எந்த ஷெல்ஃபுல வெச்சே?